நாய்களோடு பாலைவனத்தில் குளிர்காலம் கழிக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டொராண்டோ பக்கத்தில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தம்பதியர் நீங்கள். உள்ளேயே சமைத்து, தூங்கி, வாழும் வசதியுள்ள வண்டியான 24 அடி மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் பதினோரு வயது லாப்ரடார் ஒன்று, ஐந்து கிலோ டெரியர் ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரை அரிசோனா பாலைவனத்தில் தங்க ஆசை. "பாம்பும் வெயிலும் நாய்களை விட்டுவைக்குமா?" என்பது பயம்.

தாராளமாகப் போகலாம். நானும் என் கணவரும் ஆறு குளிர்காலங்கள் இரண்டு நாய்களோடு அங்கே இருந்திருக்கிறோம். பாம்பாலும் வெயிலாலும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. எங்களை அலைக்கழித்தவை முள்ளும் ராக்குளிரும் தூசியும்தான். மூன்றுமே நின்றபடி பார்த்தால் கண்ணில் படாதவை. நாயின் உலகம் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு முழத்தை நீங்கள் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெயிலையும் பாம்பையும் முதலில் முடித்துவிடுவோம். நம்மைப்போலக் குளிர்காலத்துக்கு மட்டும் வந்து தங்குபவர்கள் அதிகம் கூடும் இடம் மேற்கு அரிசோனாவில் உள்ள குவார்ட்ஸைட். ஜனவரியில் அங்கே பகல் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவு ஐந்து டிகிரியை ஒட்டியும் இருக்கும். கிலுகிலுப்பை விரியன்கள் அந்த மாதத்தில் பெரும்பாலும் பொந்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பிப்ரவரி கடைசியில் வெப்பமான பிற்பகல்களில் வெயில் காய வெளியே வரலாம். மார்ச் நடுவிலிருந்து அவற்றின் காலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, கட்டுப்போடுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவரிடம் ஓடுங்கள். அரிசோனாவில் பாம்பின் வாடையையும் சத்தத்தையும் கண்டால் ஒதுங்கிப்போக நாய்களைப் பழக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் டெரியருக்கு அது பயன்படும், ஏனென்றால் டெரியர் எந்தப் பொந்தையும் சும்மா கடந்து போகாது. மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் வடக்கே கிளம்பிவிடுகிற மாதிரி திட்டம் போட்டால் வெயில், பாம்பு இரண்டிலிருந்தும் ஒரே கல்லில் தப்பிக்கலாம்.

இனி முள்ளுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் தங்கப்போகும் சோனோரன் பாலைவனத்தில் சோய்யா என்று ஒரு கள்ளி இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு போர்த்திய கிளைகள் வெயிலில் வெள்ளியாக மின்னும். அதன் ஒரு வகைக்குக் கரடிப் பொம்மை என்ற பொருளில் 'டெடி பேர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் அதைத் தொட்டிருக்க மாட்டார். அதன் கிளை கணுக்கணுவாக இருக்கும். லேசாக உரசினாலும் ஒரு கணு கழன்று உடம்போடு வந்துவிடும். முள்ளின் நுனியில் தூண்டில் போலப் பின்நோக்கிய செதில்கள் உண்டு. உள்ளே போவது எளிது, வெளியே வராது. உதிர்ந்த கணுக்கள் எலுமிச்சம்பழ அளவில் செடியைச் சுற்றித் தரையெங்கும் கிடக்கும். காற்றும் மழைநீரும் அவற்றை உருட்டிக்கொண்டுபோய் ஓடைப் பள்ளங்களில் சேர்க்கும்.

முதல் வருடம், போய் இறங்கிய மூன்றாவது நாள் மாலை. எங்கள் கறுப்பி வறண்ட ஓடை ஒன்றில் மணலில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பாதத்துக்கு அடியில் ஒரு சோய்யாக் கணு. நான் எட்டிப் பிடிப்பதற்குள் எல்லா நாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், வாயால் பிடுங்கப் பார்த்தாள். இப்போது கணு உதட்டில். உதட்டைத் தட்டிவிட இன்னொரு காலைத் தூக்கினாள், அதிலும் முள். என் கணவர் பதற்றத்தில் கையால் பிடித்தார், அவர் இரண்டு விரலிலும் முள். நான் வண்டிக்கு ஓடி, கையில் கிடைத்த என் தலைசீப்பை எடுத்துவந்தேன். பெரிய பல் வைத்த மரச்சீப்பு. அதைத் தோலுக்கும் கணுவுக்கும் இடையில் செருகி ஒரு சுண்டு. கணு பறந்து விழுந்தது. மிச்ச முள்ளை டார்ச் வெளிச்சத்தில் குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்தோம். அவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் எண்ணிக்கொண்டே எடுத்தேன். இருபத்து மூன்று. அன்றிலிருந்து வெளியே காலெடுத்து வைத்தால் சீப்பும் சின்னக் குறடும் சட்டைப் பையில் இருக்கும். சுண்டும்போது உங்கள் பக்கமோ நாயின் பக்கமோ பறக்காதபடி திசை பார்த்துச் சுண்டுங்கள். தொண்டைக்குள்ளோ நாக்கின் அடியிலோ போயிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு முள்ளை உங்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை. நம் ஊர் நெருஞ்சிதான். அதே செடி, அதே மஞ்சள் பூ. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்து பரவியது. ஆட்டுத்தலை என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். காயைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு கொம்போடு ஆட்டுத்தலை மாதிரியேதான் இருக்கிறது. கரிசல் காட்டில் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்த எனக்கு அரிசோனாவில் அதைப் பார்த்தபோது, கோபமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஓர் உணர்வு. பெட்ரோல் நிலையங்களின் ஓரம், வண்டிகள் நிறுத்தும் மண் திடல்கள், மனிதர்கள் கிளறிய இடங்கள் எங்கும் அது இருக்கும். ஆளில்லாத பாலைவனத்தில் குறைவு. அதனால் வழியில் நாயை இறக்கும் நிறுத்தங்களில்தான் கவனம் அதிகம் தேவை. சீமைக்கருவேலத்தின் உறவுக்கார மரமும் அங்கே உண்டு, மெஸ்கீட் என்பார்கள். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நம் பக்கம் சீமைக்கருவேலம் வந்தது, கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நெருஞ்சி போனது. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது.

ஆகவே தங்கும் இடத்தை வண்டிக்குள் உட்கார்ந்தபடி தேர்ந்தெடுக்காதீர்கள். மலை தெரிகிறதா, சூரியன் மறைவது தெரிகிறதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். இறங்கி, வண்டி நிற்கப்போகும் இடத்தைச் சுற்றி முப்பது தப்படி நடங்கள். நாலு இடத்தில் குந்தி உட்கார்ந்து தரையைப் பாருங்கள். சோய்யா இருந்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள், இடத்துக்கா அங்கே பஞ்சம்? புதருக்கடியில் குச்சியும் கள்ளித் துண்டுமாகக் குவியல் தெரிந்தால் அது பொதி எலியின் வீடு. டெரியர் மூக்கை நுழைக்க இதைவிட மோசமான இடம் கிடையாது. அந்த எலி இரவில் உங்கள் இஞ்சினுக்குள் ஏறி ஒயரையும் கடித்துவைக்கும். உடைந்த பாட்டில், பழைய கேம்ப்ஃபயரில் கிடக்கும் எலும்பு, ஆணி, இவற்றையும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். அரைமணி நேர வேலை.

தரையில் இன்னொரு தினுசு உண்டு. கறுத்து மினுங்கும் சின்னக் கற்கள் தளம் போட்டது போல நெருக்கமாகப் படிந்த சமவெளி. வண்டி நிறுத்த அருமையான இடம். ஆனால் அந்தக் கற்கள் கூர்மையானவை. கம்பளத்திலும் பனியிலும் நடந்து பழகிய கனடா நாயின் பாதம் மூன்றே நாளில் தேய்ந்து சிவந்துவிடும். முதல் வாரம் ஒரு நடைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலுறை மாதிரி மாட்டும் ரப்பர் காலணிகளை வீட்டில் இருக்கும்போதே போட்டுப் பழக்குங்கள், அங்கே போய்ப் போட்டால் நாய் கொக்கு மாதிரி நிற்கும். ஓடை மணல் பாதத்துக்கு இதம். ஆனால் கணுக்கள் அங்கேதான் வந்து சேரும் என்று சொன்னேன் அல்லவா, நாயை முன்னே விட்டு நீங்கள் பின்னே போகாதீர்கள். ஓடைக்குள் வண்டியை மட்டும் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. மழை மலையில் பெய்யும், வெள்ளம் உங்களிடம் வரும்.

உங்கள் டெரியரைப் பற்றி நான் உண்மையில் கவலைப்படுவது கயோட்டியால். ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில் ஒரு பிராணி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அவற்றின் இணைசேரும் காலம், அப்போது கொஞ்சம் துணிச்சல் கூடியிருக்கும். ஐந்து கிலோ நாய் அதன் கண்ணுக்கு முயல்தான். சாயங்காலத்திலிருந்து விடியும்வரை டெரியர் உங்கள் கையில் இருக்கும் ஆறடி வாரோடுதான் வெளியே வர வேண்டும். சுருளிலிருந்து நீண்டுகொண்டே போகும் வார் வேண்டாம், அவசரத்தில் இழுக்க முடியாது. நாயை வண்டியோடு கட்டிவிட்டு உள்ளே சமைக்கப் போவது பகலில்கூடத் தவறு. கட்டிய நாயால் ஓட முடியாது. மடக்குவேலி போட்டாலும் நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். சாப்பாட்டுத் தட்டையும் எச்சத்தையும் வெளியே விடாதீர்கள். பெண் கயோட்டியை அனுப்பி நாயை மயக்கிக் கூட்டிப்போய்க் கூட்டமாகக் கொல்லும் என்று நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை சொல்வார்கள். நான் நம்புவதில்லை. நாய் துரத்திக்கொண்டு ஓடும், கயோட்டி தன் கூட்டம் இருக்கும் பக்கம் ஓடும், விஷயம் அவ்வளவுதான்.

ராக்குளிர் புதிதாக வருபவர்களை ஏமாற்றும். பகலில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஆறு மணிக்குள் சூரியன் போகும், எட்டு மணிக்கு ஸ்வெட்டர், விடியற்காலையில் தண்ணீர்க் கிண்ணத்தில் சில நாள் மெல்லிய ஐஸ். பதினோரு வயது லாப்ரடாரின் மூட்டு இதைத் தாங்காது. வண்டியில் குளிர் தங்குவது தரையில்தான், நாய் படுப்பதும் தரையில்தான். படுக்கையைக் கெட்டியான மெத்தை போட்டு நாலு அங்குலமாவது உயர்த்துங்கள். வண்டியின் இரும்புப் படிகள் சல்லடை மாதிரி இருந்தால் வயதான நாய் ஏற மறுக்கும். பழைய கம்பளத் துண்டைச் சுற்றிக் கட்டினால் ஏறிவிடும், அதற்கும் முடியாவிட்டால் சரிவுப் பலகை வாங்குங்கள்.

கணப்புக்கு வண்டியில் புரோபேன் ஃபர்னஸ் இருக்கும். எரிவது கேஸ் என்றாலும் காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. ஏழெட்டு ஆம்பியர் தின்னும். தொழிற்சாலையில் மாட்டிய 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதில் பாதியைத்தான் பழுதில்லாமல் எடுக்கலாம். விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் போக, அதிகாலை மூன்று மணிக்கு ஃபர்னஸ் நின்றுவிடும். எங்களுக்கு நின்றது. வயதான நாய் எழுந்து வந்து என் முகத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றதால்தான் விழித்தேன். கூடுதல் பேட்டரி போடுங்கள். லித்தியம் என்றால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, அதை வண்டிக்கு உட்புறம் வையுங்கள். சோலார் பலகையைக் கூரையில் படுக்கையாக விட்டுவிடாதீர்கள். டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனே 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, படுத்திருக்கும் பலகையில் பாதி வெளிச்சம்தான் விழும். தெற்கு நோக்கிச் சாய்த்தால் வித்தியாசம் அன்றே தெரியும்.

மின்சாரம் வேண்டாத சின்ன புரோபேன் ஹீட்டர்களைப் பலர் வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன். விழித்திருக்கும்போது மட்டும், ஒரு ஜன்னலும் கூரைத் துவாரமும் கொஞ்சம் திறந்திருக்க. கார்பன் மோனாக்ஸைடு மானி கட்டாயம். நாயின் வாலுக்கு எட்டாத இடத்தில் ஹீட்டர். கேஸ் கசிவு மானி தரையை ஒட்டி இருக்கும், புரோபேன் காற்றைவிடக் கனமானது என்பதால். அதன் முன்னால் படுத்திருக்கும் நாய் வாயு விட்டால் அது அலறும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் தடவை நள்ளிரவில் வண்டியை விட்டு வெளியே ஓடினோம்.

எங்கே தங்குவது? தேசியப் பூங்கா என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பக்கத்துக் கலிஃபோர்னியாவின் ஜாஷுவா ட்ரீயிலும் டெத் வேலியிலும் அநேகமாக எந்த நடைபாதையிலும் நாய்க்கு அனுமதி இல்லை. சாலையும் முகாம் இடமும்தான், நாயோடு போனால் நீங்களும் கைதி. பி.எல்.எம். என்று சுருக்கமாகச் சொல்லும் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்கள்தான் நாய்க்காரர்களுக்கு ஏற்றவை. பெரும்பாலான இடங்களில் 14 நாள் இலவசம், பிறகு இடம் மாற வேண்டும். குவார்ட்ஸைட் பக்கம் ஸ்காடன் வாஷ், டோம் ராக், பிளமோசா சாலை என்று இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. டோம் ராக்கில் மண்தரையில் விளையாட்டாக விரட்டி ஓட்டும் வண்டிகளின் சத்தம் அதிகம், உங்கள் லாப்ரடார் தூங்காது.

முதல் முறை என்பதால் நான் உங்களை லா போசாவுக்கு அனுப்புவேன். ஊருக்குத் தெற்கே, பணம் கட்டித் தங்கும் நீண்டகால முகாம் பகுதி. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பருவம். நான் கடைசியாகக் கட்டியபோது பருவம் முழுவதற்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர். தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி, கழிவுநீர் இறக்கும் இடம் எல்லாம் உண்டு. அக்கம்பக்கத்தில் பத்து வருடமாக வருகிற ஆட்கள் இருப்பார்கள், முள் எடுக்கக் குறடு கேட்டால் மூன்று பேர் நீட்டுவார்கள். முதலில் 14 நாள் பெர்மிட் எடுத்துப் பாருங்கள். ஜனவரி பிற்பாதியில் ஊரில் ஆர்.வி. என்று சொல்லும் இந்த மாதிரி வண்டிகளின் பெரிய கண்காட்சி நடக்கும். 2020 கணக்கெடுப்பில் 2,400 சொச்சம் பேர் இருந்த ஊரில் அந்த நாட்களில் தூசியும் ஜெனரேட்டர் சத்தமும்தான். அதை ஒரு பகல் வேடிக்கை பார்த்துவிட்டு, தங்குவதை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்க ராணுவம் 1850களில் ஒட்டகங்களை இறக்குமதி செய்து பாலைவனத்தில் சோதித்துப் பார்த்தது. அதற்காக வந்த ஒட்டகக்காரர் ஹாஜி அலியின் பெயரை நாக்கில் புரளாமல் 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். 1902இல் இறந்த அவரது கல்லறைமீது கல்லால் ஒரு சின்னப் பிரமிடும் உச்சியில் செம்பு ஒட்டகமும் இருக்கின்றன.

தண்ணீர்க் கணக்கில் நாய்களைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி என்பது பொதுக்கணக்கு. 30 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டருக்கு மேல், அந்த வறண்ட காற்றில் இன்னும் கூடும். அங்கே தண்ணீர் கடினமானது, சில நாய்களுக்கு வயிறு இளகும். பழைய தண்ணீரோடு கலந்து கலந்து மாற்றுங்கள். நடைக்குப் போகும்போது மடக்குக் கிண்ணம் எடுத்துப் போங்கள். வண்டிக்குள் நாயை விட்டுவிட்டுக் கடைக்குப் போவது பற்றி: வெளியே 21 டிகிரி இருந்தால்கூட வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் நாற்பதைத் தாண்டும். மோட்டார் ஹோம் அவ்வளவு வேகமாகச் சூடாகாது என்றாலும், கூரைத் துவாரமும் விசிறியும் இல்லாமல் மூடிவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர்தான் போகிறோம்.

கால்நடை மருத்துவருக்கு: குவார்ட்ஸைட்டிலிருந்து பிளைத் நகரம் முப்பத்தைந்து கிலோமீட்டர், யூமா 130, ஃபீனிக்ஸ் 200. நள்ளிரவு அவசரம் என்றால் ஃபீனிக்ஸ் வரை ஓட வேண்டிவரும் என்றே கணக்கு வைத்து, முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். கழுத்துப் பட்டையில் அங்கே எடுக்கும் எண்ணைப் பொறியுங்கள், வீட்டுத் தொலைபேசி எண்ணை அல்ல.

எல்லையில் கேட்பது: 2024 ஆகஸ்டிலிருந்து அமெரிக்காவுக்குள் வரும் நாய் ஆறு மாத வயது கடந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நாய் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழை அசலாகவே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது கனடா கேட்கும்.

தூசியைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அது வீடு திரும்பிய பிறகும் கூட வருவதால். அரிசோனா மண்ணில் ஒரு பூஞ்சை வாழ்கிறது. அதன் வித்துகள் தூசியோடு மூக்கில் ஏறினால் 'வேலி ஃபீவர்' என்னும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும். மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். நாய் மண்ணைத் தோண்டி மூக்கை வைப்பதால் அதற்கு வாய்ப்பு அதிகம். ஃபீனிக்ஸ், டூசான் சுற்றுவட்டாரத்தில்தான் மிகுதி. புழுதிக்காற்று அடிக்கும் நாளில் உள்ளேயே இருங்கள், டெரியர் தோண்டத் தொடங்கினால் நிறுத்துங்கள். ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டாது. அறிகுறிகள் தெரிய மூன்று வாரமாவது ஆகலாம், பல மாதமும் ஆகலாம்: இருமல், சோர்வு, காய்ச்சல், சாப்பிடாமை, இளைப்பு, காரணமில்லாமல் நொண்டுவது. மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். சிக்கல் எங்கே என்றால், டொராண்டோவில் ஒரு மருத்துவர் லாப்ரடார் நொண்டுவதைப் பார்த்தால் வயதாகிவிட்டது, மூட்டுவாதம் என்று மாத்திரை எழுதுவார். எங்கள் இரண்டாவது நாய்க்கு அப்படித்தான் இரண்டு மாதம் வீணாகப் போனது. மே மாதம் போய்க் காட்டினாலும், ஜூலையில் போய்க் காட்டினாலும், நாயை மேசையில் தூக்கி வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "ஜனவரி முதல் மார்ச் வரை அரிசோனாவில் இருந்தோம்." கூடவே 'வேலி ஃபீவர்' பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனை என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.